தோமி ஆற்றுத் துறையில் எடுத்த தலை

தென்ஷோ ஆறாம் ஆண்டு, பத்தாம் மாதம், எட்டாம் நாள்
குரோய்வா கோட்டை

ஹினாசவா ஊர், சவதாரி வீட்டு அம்மையார் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஆளும் இல்லை. என் பெயர் கானே. இந்தக் கோட்டையின் ஈட்டிப் படையில் இருக்கும் மதரோக்கு என்பவரின் மனைவி. சண்டை இல்லாத நாட்களில் கவசத் தகடுகளுக்குப் பட்டுக் கயிறு கோர்ப்பேன். சண்டை முடிந்த நாட்களில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் கொண்டுவரும் தலைகளைக் கழுவுவேன். பிரபு பார்வையிடுவதற்கு முன் இரத்தம் போகக் கழுவி, முடி வாரிக் கட்டி, முகத்துக்குப் பொடி போட்டு, பெயர்ச் சீட்டு கட்ட வேண்டும்.

மூன்றாம் தேதி தோமி ஆற்றுத் துறையில் நடந்த சண்டையில் உங்கள் பிரபு தோற்றுப்போன சேதி அங்கே வந்திருக்கும். அன்று மாலை என் மடிக்கு வந்த தலையின் சீட்டில் ‘சவதாரி யகொரோ’ என்று இருந்தது. உங்கள் மகன் என்று ரியோஅமி சாமியார் சொன்னார். படைகளோடு போய் இறந்தவர்களுக்கு மந்திரம் சொல்லுகிற அவர்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார்.

நான் எழுதுவதற்குக் காரணம் ஒரு வாசனை. தலைமுடியைப் பிரித்ததும் அகில் புகை மணத்தது. ஆற்றுத் தண்ணீர், இரத்தம் எல்லாவற்றையும் தாண்டி மணத்தது. புறப்படும் நாளில் யாரோ தலைக்கவசத்தை அகில் புகையின் மேல் கவிழ்த்துப் பிடித்திருக்கிறார்கள். தலை எதிரி கைக்குப் போனாலும் நாறக்கூடாது என்று அப்படிச் செய்வார்கள் எனக் கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த தொகி, “என்னடி கானே, தலை கழுவறியா, கோயில் கூட்டறியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். இந்த வேலையில் சிரிக்காமல் இருந்தால் உட்கார முடியாது. ஆனால் கையில் அந்த வாசனை போகவில்லை. புகை காட்டிய கை யாருடையதோ, அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் செய்தது கடைசிவரை நின்றது.

நன்றாகக் கழுவினேன். பல்லுக்குக் கருமையும் அழகாகத் தீட்டினேன்.

ஒன்றை மறைத்தால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். அந்தத் தலையை எடுத்தவர் என் கணவர்.

கானே


பத்தாம் மாதம், பதினான்காம் நாள்
ஹினாசவா

கானேவுக்கு,

கடிதத்தின் தொடக்கத்தில் பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவது முறை. நீ எழுதவில்லை. மலையில் இலைகள் உதிர்ந்துவிட்டன, காலையில் கிணற்றுக் கயிறு விறைத்திருக்கிறது. உனக்கும் சேர்த்து நான் எழுதிவிட்டேன். ஏழு வயதிலிருந்து திருமணம்வரை பிக்குணி மடத்தில் வளர்ந்தவள் நான். அங்கே ஒரு சுழி கோணினால் தாள் முழுவதையும் மறுபடி எழுதவேண்டும்.

பிரபு தோற்றது தெரியும். என் மகன் இறந்தது உன் கடிதத்தில்தான் தெரிந்தது. நான் படித்து முடிக்கும்வரை ரியோஅமி சாமியார் தேநீரைத் தொடவில்லை. நூயி உரக்க அழுதாள். என் மகனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். “சின்னையா, சின்னையா” என்று அடுப்பங்கரைத் தரையில் விழுந்து புரண்டாள். நான் அழவில்லை. வீட்டில் ஒருவர் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

புகை காட்டியது நான்தான். நீ சொல்லவேண்டும் என்று நினைத்தது சரி. அதற்கு நன்றி.

ஆனால் பல்லுக்குக் கருமை தீட்டச் சொன்னது யார்? எங்கள் வீட்டு ஆண்கள் பல்லைக் கருப்பாக்கியதே இல்லை. கருத்த பல் என்றால் பெரிய குடும்பத்துத் தலை, எடுத்தவனுக்குப் பெரிய பெயர். பிடித்த மீனை இழுத்து நீட்டிக் காட்டுவதைப் போன்ற காரியம் இது. சவதாரி என்ற பெயர் நீட்டிக் காட்டாமலே போதுமான அளவு உள்ளது என்று உன் கணவரிடம் சொல்.

அவர் தலையெடுத்ததற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. அது அவர் தொழில். என் கணவரும் அதையே செய்தார். அவர் இறந்தபோது அவருடைய தலை எனக்கு வரவில்லை. எந்தச் சேற்றில் கிடக்கிறது என்று இன்றுவரை தெரியாது. காலியான குழிக்கு மேல் கல் நட்டேன். மகனுக்கும் அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை. தலையைத் திருப்பித் தருவார்களா என்று விசாரித்து எழுது.

அதுவரை, நீ பார்த்ததை எல்லாம் எழுது. முகம் எப்படி இருந்தது, கண் மூடியிருந்ததா, எங்கே வெட்டு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையும் விட்டுவிடாதே. உன் கணவரைக் கேட்டு, எப்படிச் சண்டையிட்டான் என்பதையும் எழுது.

இன்னொன்று. நூயியின் மகன் கொஹேயும் என் மகனோடு போயிருந்தான். ஒரே மார்பில் பால் குடித்தவர்கள், ஒருவனை விட்டு ஒருவன் இருக்கமாட்டான். அவனைப் பற்றித் தகவல் இல்லை. “சின்னையா உடம்பைத் தேடிக்கிட்டு அங்கேயே சுத்திக்கிட்டிருப்பான்மா, அது இல்லாம வீட்டுக்கு வரமாட்டான்” என்கிறாள் நூயி. ஏதாவது தெரிந்தால் எழுது.

சவதாரி இனே


பத்தாம் மாதம், பத்தொன்பதாம் நாள்
குரோய்வா கோட்டை

அம்மையார் அவர்களுக்கு,

இங்கே குளிர். வாத்துகள் அகழியில் இறங்கிவிட்டன. இவ்வளவு போதுமா என்று தெரியவில்லை.

பல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். காது சிவந்துவிட்டது. “நான் எங்க சொன்னேன்? நீதானே தீட்டின?” என்றார். “யார் சொல்லித் தீட்டினேன்?” என்றேன். எழுந்து போய்விட்டார். அவர்தான் சொன்னார். காலாளாகவே பிறந்து, குடும்பப் பெயர் இல்லாமல் வெறும் மதரோக்காகவே நாற்பது வயது தாண்டியவர். தலைக்கவசம் அணிந்த ஒரு வீரனின் தலை அவருக்கு இதுதான் முதல். ஆசை விடவில்லை.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். கண் பாதி மூடியிருந்தது, நான் முழுவதும் மூடினேன். வெட்டு கழுத்தில் ஒன்றுதான், சுத்தமாக இருந்தது. வாய் கோணவில்லை. காது சிறியது. இடது கன்னத்தில் அம்மைத் தழும்புகள் நிறைய. பொடியைக் கொஞ்சம் தண்ணீர்விட்டுக் குழைத்து, குழி குழியாக நிரப்பிச் சமன்செய்தேன். பார்வைக்கு வைத்தபோது தழும்பே தெரியவில்லை. தலைக்கவசம் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும் போல, நெற்றியில் பட்டையின் தடம் இறங்கிப் பதிந்திருந்தது. தாடைக் கயிற்றை இறுக்கி முடிந்து, மிச்ச நுனியை அறுத்துவிட்டிருந்தார். இனி அவிழ்க்கப்போவதில்லை என்று முடிவு செய்தவர்கள் அப்படி அறுப்பார்கள்.

சண்டையைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“அவங்க படை உடைஞ்சு போச்சு. எல்லாரும் ஆத்தோட மேல்பக்கமா ஓடறாங்க. இவன் மட்டும் துறையில நின்னான். தண்ணி முட்டி அளவு. ‘சவதாரி யகொரோ நான்தான், வேணும்னா வாங்கடா’ன்னு கத்தினான். நாங்க அவ்வளவு பேரும் ஓடறவங்கள விட்டுட்டு இவன் மேல பாஞ்சோம். பேரு சொன்ன தலைன்னா விடுவாங்களா? ஒவ்வொருத்தனா தள்ளிக்கிட்டே இருந்தான். கடைசியில தலைக்கவசம் கண்ணை மறைச்சுது. அப்பதான் என் ஈட்டி பாஞ்சுது.”

சொல்லிவிட்டு, “நல்ல ஆளு” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொஹேய் என்ற பெயரில் சீட்டு எதுவும் இல்லை. காலாட்களின் உடல்களை ஆற்றங்கரையிலேயே புதைத்துவிட்டார்கள். தலை உப்புத் தொட்டியில் பத்திரமாக இருக்கிறது. திருப்பித் தருவது மேலே உள்ளவர்கள் கையில்.

கானே


பத்தாம் மாதம், இருபத்து நான்காம் நாள்
ஹினாசவா

கானே,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என் மகனுக்கு அம்மை வந்ததில்லை. கொஹேய்க்கு வந்தது, நான்கு வயதில்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தலைக்கவசம் என் மகனுடையது, அவன் தலை பெரியது. அது கொஹேயின் தலையில் இருந்தது. சவதாரி யகொரோ என்று கத்தியது கொஹேய். எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். ஆற்றின் மேல்பக்கமாக ஓடியவர்களில் ஒருவன் என் மகன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன்? இந்த வீட்டில் சொல்வதற்கு நூயி ஒருத்திதான் இருக்கிறாள். அவளிடம் சொல்லமுடியாதது இது ஒன்றுதான். முப்பது ஆண்டுகளாக என் கூந்தலை வாரிவிடுபவள் அவள். இன்று காலையும் வாரினாள். “மனசை விட்டு அழுங்கம்மா, இப்படி உள்ளேயே வெச்சிருந்தா உடம்பு தாங்காது” என்றாள். என் மகன் பெயரெழுதிய நினைவுப் பலகைக்கு முன் சோறு வைத்தது அவள். மகனை இழந்தவள், மகன் உயிரோடு இருப்பவளைத் தேற்றுகிறாள். சீப்பு முடியில் மாட்டியதும் “வலிக்குதாம்மா?” என்றாள்.

நான் மகிழவேண்டும், இல்லையா? என் மகன் உயிரோடு இருக்கிறான். அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அவன்மேல் கோபமும் வந்தது. தன் பெயரை இன்னொருவன் வாயில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். கவசம் கட்டக் கற்றுக்கொடுத்தேன், கயிற்றை எங்கே முடியவேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். இதைக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை.

சாமியார் இரவு தங்காமல் புறப்படுகிறார். நூயி அவருக்கு வழிக்குச் சோற்றுருண்டை பிடித்துக் கொடுக்கிறாள். “எம்மவனைப் பாத்தா, அம்மா தேடறான்னு சொல்லுங்க சாமி” என்கிறாள். அவர் சரி என்று தலையாட்டுகிறார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டுமே.

இனே


பத்தாம் மாதம், இருபத்தொன்பதாம் நாள்
குரோய்வா கோட்டை

அம்மா,

அடுப்பில் போட்டுவிட்டேன். அவரிடமும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே விஷயம் வெளியே வந்துவிட்டது.

ஹொரிகோமே என்று எங்கள் படையின் மூத்தவர். வடக்கு எல்லையில் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினார். உப்புத் தொட்டியில் இருக்கும் தலைகளைப் பார்க்கவேண்டும் என்றார். நான்தான் விளக்குப் பிடித்தேன். உப்பில் பொடி கரைந்து, தழும்புகள் வெளியே தெரிந்தன.

“இது யாரு?” என்றார்.

“சவதாரி யகொரோங்க,” என்றார் என் கணவர்.

“யகொரோவா? போன வருஷம் பேச்சுவார்த்தைக்கு வந்தப்போ எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தான். மூஞ்சி பொம்மை மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. இது மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்கு.”

“ஐயா, அவன் வாயாலயே பேரு சொன்னான்.”

“உன் வாயை மூடு. ஊர் பேர் தெரியாத தலைக்குப் பெரிய பேரை ஒட்டிக் கொண்டுவர்றது இந்தப் படைக்கு ஒண்ணும் புதுசில்ல. பல்லுக்கு வேற கருப்படிச்சு வெச்சிருக்கீங்க. எந்தப் பொண்ணு அடிச்சது?”

நான் விளக்கோடு நின்றேன். அந்தப் பல் எங்களுக்கே வினையாக வந்து நின்றது.

பொய்த் தலைக்கு இங்கே ஒரே தண்டனைதான். கொண்டுவந்தவனின் தலையை அதன் பக்கத்தில் வைப்பார்கள். தெரியாமல் செய்தான் என்றால் கேட்கமாட்டார்கள். யகொரோ சாகவில்லை என்று உறுதியானால் மறுநாளே மலைக்கு ஆட்களை அனுப்பித் தேடுவார்கள். பனி விழுவதற்குள் பிடித்துவிடுவார்கள்.

பெற்ற தாயைக் கேட்பதென்று முடிவாகியிருக்கிறது. தூதர் வருவார். நீங்கள் என்ன எழுதித் தருகிறீர்களோ அதன்படி தீர்ப்பு. மகன்தான் என்றால் தலையை உங்களுக்கே மரியாதையோடு அனுப்பிவைப்பார்களாம்.

பொய் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு வாயில்லை. இறந்தவனைப் பெற்ற தாய் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். ஆனால் இங்கே, எதுவும் தெரியாமல் இவர் முற்றத்தில் உட்கார்ந்து ஈட்டிமுனையைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். “அந்தம்மா சொல்லிடுவாங்க, பெத்தவளுக்குத் தெரியாதா?” என்கிறார்.

கானே


பதினோராம் மாதம், ஏழாம் நாள்
ஹினாசவா

கானே,

உன் கடிதம் தூதருக்கு முந்தின நாள் வந்தது. பதில் எழுதவில்லை. உனக்குப் பிடிக்காத பதிலாக இருந்திருக்கும். உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். என் மகனுக்காக நான் பொய் சொல்ல, அதற்கு விலையாக நூயி தன் மகனுக்கு ஒரு பிடி மண் போட முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்படிச் செய்ய எனக்கு உரிமையில்லை. உன் கணவருக்காக வருந்தினேன். வருந்தியும் அந்த முடிவைத்தான் எடுத்தேன்.

தூதர் இளைஞர், பணிவானவர். நூயி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது அவர் கேட்டார்: “மூத்தவர் கேக்கச் சொன்னது ஒண்ணுதாம்மா. உங்க மகன் முகத்துல அம்மைத் தழும்பு உண்டா?”

நான் வாயைத் திறந்தேன்.

“உண்டுங்களே,” என்றாள் நூயி.

தட்டு அவள் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். கிண்ணம் ஆடவில்லை.

“நீங்க யாரு?” என்றார் தூதர்.

“சின்னையாவுக்குப் பால் குடுத்தவ. நாலு வயசுல வந்துச்சு. அம்மாவை நான் பக்கத்துலயே விடல, ஒட்டிக்குமேன்னு. சொறிஞ்சிடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் துணியால கட்டிப்போட்டு நான்தான் கூடவே கிடந்தேன். அப்படியும் இடது கன்னத்துல விழுந்துடுச்சு.”

“போன வருஷம் பேச்சுவார்த்தையில மூத்தவர் பாத்தப்போ வழுவழுன்னு இருந்துச்சாமே?”

“பேச்சுவார்த்தைக்குப் போற பிள்ளையைப் பொடி பூசாமலா அனுப்புவாங்க? நான்தான் பூசி விட்டேன். உங்க வீட்டுல பூசமாட்டாங்களா?”

அவர் சிரித்தார். நூயியும் சிரித்தாள். இடது கன்னம் என்று அவர் சொல்லவே இல்லை, இவளாகவே சொன்னாள். அதனால் அவர் நம்பினார்.

கானே, நீ எழுதிய எதையும் அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அந்த ஒரு கேள்வியில் அவள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். தன் மகன் இறந்த சேதியைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டு, கேட்ட மூச்சிலேயே என் மகனைக் காப்பாற்றினாள். தூதர் என் பக்கம் திரும்பினார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைப் பொய்க்காரி என்று அறிவித்ததாகும். தூரிகையை எடுத்தேன். ‘என் மகன்தான்’ என்று எழுதினேன். மடத்தில் கற்ற எழுத்து, ஒரு சுழியும் கோணவில்லை.

அவர் போனபின் நூயி கிண்ணங்களைக் கழுவினாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. மறுநாள் என் கூந்தலை வார வரவில்லை.

இனே


பதினோராம் மாதம், பதினைந்தாம் நாள்
குரோய்வா கோட்டை

அம்மா,

இந்தக் கடிதத்தோடு பெட்டியும் வருகிறது. ரியோஅமி சாமியார் கூடவே நடந்து வருகிறார். உப்பை மாற்றினேன். சாம்பலும் வைக்கோலும் வைத்துப் பல்லைத் தேய்த்தேன், முழுவதும் போகவில்லை, மன்னித்துவிடுங்கள். முகத்துக்கு மறுபடி பொடி போட்டேன். தழும்புகளை நிரப்புவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். வழியில் யாராவது திறந்து பார்த்தால் என்று பயந்து நிரப்பிவிட்டேன். ஒரு தாய் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தே நிரப்பினேன்.

என் கணவருக்குக் குடும்பப் பெயர் கொடுத்துவிட்டார்கள். மேல்முற்றத்தில் இரண்டு அறை வீடு. கழுவும் வேலைக்கு இனி நான் வரவேண்டியதில்லையாம். நேற்று பழைய இடத்துக்குப் போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். தொகி என்னை “அம்மா” என்றாள். “என்னடி புதுசா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அவர் தன் புதிய பெயரைத் தாளில் எழுதிப் பழகுகிறார். நான் கையைப் பிடித்து எழுதவைக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்த ஒருத்தியோடுதான் இனி ஆயுள் முழுவதும் படுத்து எழப்போகிறார், அது அவருக்குத் தெரியாது.

நன்றி என்று எழுத வந்தேன். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. நூயி அம்மாவுக்கு என் பெயர்கூடத் தெரியாதே.

கானே


பன்னிரண்டாம் மாதம், நான்காம் நாள்
ஹினாசவா

கானே,

பெட்டியை உள்ளறையில் வைத்தோம். கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் இருப்பது முறை. மகன் என்று எழுதித் தந்தவள் நான். ஆனால் நான் வெளியே வந்து, நூயிக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே போனாள். நீ நிரப்பிய பொடியைச் சுண்டுவிரலால் குழி குழியாக எடுத்தாள் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது, வெகுநேரம். உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. “நல்லா வாரியிருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஊரார் வந்தார்கள். சவதாரி யகொரோவைப் புதைத்தோம். எல்லோரும் என்னிடம் வந்து குனிந்தார்கள். நூயி பணிப்பெண்களின் வரிசையில் கடைசியில் நின்றாள்.

அன்று மாலை அவளிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

“எம்புள்ள உசுரைக் குடுத்து வாங்கினதை நான் எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது?” என்றாள். பிறகு, “நீங்க உண்மையைச் சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியும். உங்களுக்கு அதுதான் முக்கியம்” என்றாள். முப்பது ஆண்டுகளில் அவள் என்னைக் குறை சொன்னது அந்த ஒருமுறைதான்.

இனி எழுதப்போவதையும் எரித்துவிடு.

நேற்று முன்தினம் மாலை, பனி பெய்யத் தொடங்கியபோது பின்கதவை யாரோ தட்டினார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். நூயி திறந்தாள்.

“யாருப்பா?”

மறுபடி கேட்டாள்.

“கொஹேய்,” என்றான் வந்தவன்.

என் மகனின் குரல் எனக்குத் தெரியாதா? கரி சுடுபவர்களோடு மலையில் இருந்திருக்கிறான். அங்கே அந்தப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். அடுப்பங்கரை மண் தரையில் அவன் விழுந்த சத்தம் கேட்டது.

“என் தலைக்கவசத்தை அவனே கழட்டிட்டான் நூயி. தன் தலையில வெச்சுக்கிட்டு, ‘ஓடு’ன்னு பிடிச்சுத் தள்ளினான். நான் தடுக்கல. தடுத்திருக்கலாம். தடுக்கல.”

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். கஞ்சியை ஊற்றினாள். அவன் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

“இந்த ஊர்ல நீ நிக்க முடியாது. ஒவ்வொரு நாய்க்கும் உன் மூஞ்சி தெரியும்,” என்றாள். ‘நீ’ என்றாள். அவன் பிறந்ததிலிருந்து ‘நீங்க’ என்று அழைத்தவள்.

பிறகு உள்ளறை வாசலுக்கு வந்து, கதவைத் திறக்காமலே, மண்டியிட்டுப் பேசினாள்.

“அம்மா. உங்க பிள்ளையைப் புதைச்சாச்சு. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, ஊரே வந்து கும்பிட்டுப் போச்சு. எம்புள்ள கொஹேய் வந்திருக்கான். தெற்கே என் அண்ணன் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க அவனை யாரும் பாத்ததில்ல. எனக்கு வயசாயிடுச்சு, உழைச்சுப் போட ஒரு ஆள் வேணும். உத்தரவு குடுங்க.”

உத்தரவு என்று கேட்டாளே தவிர, அவள் என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள். நியாயம் எது என்று என்னை யாராவது கேட்டிருந்தால், நானும் அதையே சொல்லியிருப்பேன்.

கதவைத் திறந்துகொண்டு அடுப்பங்கரை விளிம்புவரை போனேன். அவன் கீழே மண் தரையில் மண்டியிட்டு இருந்தான். மெலிந்திருந்தான். முகம் கரியாக இருந்தது. நிமிர்ந்தான், வாயைத் திறந்தான்.

“உன் தாயார் மூட்டையை நீ தூக்கிக்கொள், கொஹேய்,” என்றேன். “கணவாயில் பனி ஆழமாக இருக்கும். அவளை முன்னால் நடக்கவிடாதே.”

“சரிங்கம்மா,” என்றான். வேலைக்காரன் சொல்லும் ‘அம்மா’.

விடியற்காலையில் புறப்பட்டார்கள். நூயி என்னை உட்காரவைத்து, கேட்காமலே கூந்தலை வாரி முடிந்துவிட்டாள். நான் நன்றி சொன்னேன். கோபத்தில்தான் போகிறாளா என்று அவள் விரல்களிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

இன்று கல்லறைக்குப் படையல் வைக்கவேண்டிய நாள். காலையிலேயே எழுந்து நானே அடுப்பு மூட்டினேன். கல்லில் உள்ள பெயருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கஷ்கொட்டை கலந்த சோறு, உப்பிட்ட முள்ளங்கி. கஷ்கொட்டையை ஊறவைத்தேன், பிறகு தண்ணீரை வடித்து எடுத்து வைத்துவிட்டேன். உள்ளே இருப்பவனுக்கு என்ன பிடிக்கும்? என் வீட்டில் பிறந்து, என் வீட்டிலேயே இருபத்தாறு வயதுவரை சாப்பிட்டவன். நான் அவனைக் கவனித்துப் பார்த்ததில்லை. நூயியைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவேண்டும் என்று நேற்றுத் தோன்றவே இல்லை.

வெறும் சோறு வைத்தேன். காக்கைகள் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். வேறு யாரும் இல்லை.

இனே